தாய் தனிமைப்பட்டாலும் தாய்ப்பால் நிற்கக் கூடாது



2020 மார்ச் மாதம் கொரோனா வந்து நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். தோட்டத்தில் வேலை மட்டும் நடந்தது. பஸ் இல்லை, கிளினிக் போவது கஷ்டம். பிள்ளை பெற்றவளுக்குத் துணையாக அவள் அம்மா அடுத்த தோட்டத்திலிருந்து வரவும் வழியில்லை. கைப்பிள்ளைக்காரிகள் தனியாகத் தவித்தார்கள். அந்த உலக அவசர நிலை 2023 மே மாதம் முடிந்தது. ஆனாலும் இன்னொரு தொற்று வராது என்று சொல்ல முடியாது. அதனால் இந்தப் பாடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

பால் ஏன் குறைகிறது?

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். பால் மார்பிலேயே தேங்கினால் சுரப்பு குறைந்துவிடும். தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்தால், முதலில் பால் கட்டி வலிக்கும், பிறகு வற்றும், அப்புறம் பால்மாப் போத்தல் வரும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல், போத்தலை அவிக்காமல் கொடுத்தால் வயிற்றோட்டம்தான். ஒரு நோய்க்குப் பயந்து இன்னொரு நோயைக் கூப்பிட்ட கதை.

பிரித்து வைக்க வேண்டுமா?

ஆரம்பத்தில் பெரிய நாடுகளிலும் குழப்பம் இருந்தது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2020 ஏப்ரலில், தொற்றுள்ள தாயைப் பிள்ளையிடமிருந்து தற்காலிகமாகப் பிரிக்கச் சொன்னது. ஜூலையில் அதை மாற்றி, ஒரே அறையில் இருக்கலாம் என்றது. தொற்று இருந்தாலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நோயை எதிர்க்கும் சக்தியும் அந்தப் பாலோடு பிள்ளைக்குப் போகிறது.

"காய்ச்சல்காரி பால் குடுத்தா பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவாங்க. பாசத்தில் சொல்லுவதுதான். சாதாரண சளி, காய்ச்சலுக்குப் பாலை நிறுத்தத் தேவையில்லை என்று அவர்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு காம்பரா லயத்தில் என்ன செய்யலாம்?

1. பிள்ளையைத் தூக்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். முகக்கவசம் போட்டுப் பால் கொடுங்கள். பிள்ளைக்கு முகக்கவசம் போடவே கூடாது.

2. கதவு, ஜன்னலைத் திறந்து காற்று வர விடுங்கள்.

3. எழும்ப முடியாத அளவு சுகமில்லையா? கையால் பாலைப் பீச்சி, சுத்தமான கோப்பையில் எடுங்கள். சுகமாக உள்ள ஒருவர் கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கட்டும். வெளியில் வைத்த பாலை 4 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

4. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே; தண்ணீரும் வேண்டாம். பிறகு சாப்பாட்டோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

5. 2, 4, 6, 9 மாத ஊசிகள் தவறியிருந்தால் விட்டுவிடாதீர்கள். மருத்துவிச்சியிடம் அட்டையைக் காட்டிப் பிந்தியாவது போடுங்கள்.

தகப்பன்மாரே, தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது, மூத்த பிள்ளைகளைப் பார்ப்பது அந்த நாட்களில் உங்கள் வேலை. மனைவி சும்மா அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே விருப்பமில்லாமல் இருந்தால், "பேய் பிடிச்சிருக்கு" என்று விடாமல் மருத்துவிச்சிக்குச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

பிள்ளை பால் குடிக்காவிட்டால், வேகமாக மூச்சு வாங்கினால், மூத்திரம் குறைந்தால், சோர்ந்து கிடந்தால், 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பிள்ளைக்காம்பராவில் கூடிப் பேச:

1. உங்கள் லயத்தில் ஒரு தாய் தனிமைப்படுத்தப்பட்டால், அவளுக்குச் சோறு தண்ணீர் யார் கொடுப்பது?

2. இரவில் பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால், வாகனத்துக்கு யாரிடம் போவது?

இப்போதே பேசி முடிவு செய்து வையுங்கள்.