வைக்கோல் காளான்னு நினைச்சுப் பறிச்சுடாதீங்க!

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பும் அம்மாக்களே, பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மழை பெய்த மறுநாள் பூங்காவில் ஓக் மரத்தடியில் காளான்கள் முளைத்திருக்கும். "அட, நம்ம ஊர் வைக்கோல் காளான்!" என்று கை துறுதுறுக்கும். தொடாதீர்கள்! அது 'டெத் கேப்' என்ற கொடிய விஷக் காளானாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இதைச் சமைத்துச் சாப்பிட்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்துபோனார்கள்.

எங்கே வளரும்?

பூர்வீகம் ஐரோப்பா. ஓக், பீச், செஸ்ட்நட் மரங்களின் வேரோடு ஒட்டி வாழும். மரக்கன்றுகளோடு சேர்ந்து கலிஃபோர்னியா, கான்பரா, மெல்போர்ன் வரை போய்விட்டது. ஐரோப்பாவில் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் தலைகாட்டும். ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் மே வரை அதிகம். நல்ல மழை பெய்தால் மற்ற மாதங்களிலும் வரும்.

அடையாளம் என்ன?

* குடை 5 முதல் 15 செ.மீ. அகலம். வெளிர் பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சை. சில சமயம் வெள்ளை.
* குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் வெள்ளை. வைக்கோல் காளானில் இவை முற்றியதும் இளஞ்சிவப்பாகும்.
* தண்டில் பாவாடை போல ஒரு வளையம். வைக்கோல் காளானில் இது கிடையாது.
* தண்டின் அடியில், மண்ணுக்குள் பை போன்ற உறை. இது இரண்டிலும் உண்டு. குழப்பமே இங்கேதான்!

முட்டை வடிவ மொட்டாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி. வளையம் மழையில் உதிர்ந்தும் போகலாம். ஆகவே இந்த அடையாளங்கள் ஒதுக்குவதற்குத்தான். 'இது நல்ல காளான்' என்று முடிவு கட்டுவதற்கல்ல.

"நல்லா வேகவைச்சா விஷம் போயிடாதா?" போகாது. வேகவைத்தாலும், காயவைத்தாலும், ஃப்ரீஸரில் வைத்தாலும் விஷம் அப்படியே இருக்கும். வெள்ளிக் காசு போட்டுப் பார்ப்பது, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் சுத்தப் பொய். ஒரே ஒரு காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வாந்தி, பேதி, வயிற்றுவலி வரும். பிறகு கொஞ்சம் தேவலை போலிருக்கும். "சரியாப் போச்சு" என்று இருந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் வாந்திக்காகக் காத்திருக்க வேண்டாம். மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காளான் குழம்புக்கு ஆசையா? கடையில் வாங்குங்கள், போதும்!