என்.ஓ.சி. இருந்தால் படியைப் பூட்டலாமா?

கேள்வி: மதுரையில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பின்பக்கம் ஒரு மாடிப்படி உண்டு. திருட்டுப் போகிறது என்று அதற்கு ஷட்டர் போட்டுப் பூட்டி, சாவியைக் கல்லாவில் வைத்திருக்கிறார்கள். படியெல்லாம் துணி பண்டல். பச்சை 'எக்ஸிட்' போர்டை ஆடித் தள்ளுபடி பேனர் மறைத்துக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொன்னால், "ஃபயர் என்.ஓ.சி. வாங்கியாச்சு. நம்ம பில்டிங் ஹை-ரைஸும் இல்ல. உனக்கென்னம்மா?" என்கிறார். சட்டம் அவர் பக்கமா? நான் புகார் கொடுத்தால் வேலை போய்விடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சட்டம் அவர் பக்கம் இல்லை. தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) என்பது, ஆய்வு நடந்த அன்று கட்டடம் இருந்த நிலைக்குக் கொடுக்கப்பட்டது. பின்படியையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துத்தான் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் படியைப் பூட்டிய பிறகு அந்தக் காகிதத்தைக் காட்டுவதில் அர்த்தமில்லை.

உயரக் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர் அடுக்குக் கட்டடம். அவற்றுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு, உண்மைதான். அதற்காக, குறைந்த உயரமுள்ள கடையில் வெளியேறும் வழியைப் பூட்டிக்கொள்ளலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்பு பற்றியது. அது தன்னளவில் பரிந்துரைதான். மாநில விதிகளும் உரிம நிபந்தனைகளும் அதைச் சுட்டும்போது கட்டாயமாகிறது. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது அது. வழியில் சரக்கு அடுக்கக் கூடாது. வழிகாட்டும் பலகையை அலங்காரமோ விளம்பரமோ மறைக்கக் கூடாது. மின்சாரம் போனாலும் அவசர விளக்கு 90 நிமிடம் எரிய வேண்டும். ஜவுளிக்கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: வெளியேறும் வழியில் கண்ணாடி பதிக்கக் கூடாது, புகையில் திசை குழம்பிவிடும். லிஃப்ட் வெளியேறும் வழியாகவே கருதப்படாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது இறந்த ஆறு பேரும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

"அதிகாரியே அனுமதி கொடுத்தார்" என்ற வாதத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு டெல்லி உபகார் தியேட்டர் வழக்கு இருக்கிறது. 1997 ஜூன் 13 அன்று அங்கே 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு நடைவழியையும் ஒரு வாசலையும் அடைத்திருந்தார்கள். அவற்றில் சில இருக்கைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதி இருந்தது. அது உரிமையாளர்களைக் காப்பாற்றவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. மறு ஆண்டு உரிமையாளர்கள் இருவருக்குமாக 60 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் குற்றத்துக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. உங்கள் முதலாளிக்கு வழக்கறிஞர் இருந்தால், இந்தப் பத்தியை அவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனி வேலை பற்றிய பயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் புகார் கொடுத்த தனியார் கடை ஊழியருக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. முதலாளி வேறு காரணம் தேடுவார். எனவே உங்கள் பெயரில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆபத்து வாடிக்கையாளருக்கும்தான்; கடைக்கு வந்துபோகும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நம்பிக்கையான உறவினர் ஒருவர் போதும்.

புகார் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலருக்குப் போகட்டும். மாநகராட்சி ஆணையருக்கும் தொழிலாளர் துறைக்கும் நகல். பூட்டு, பண்டல், மறைந்த போர்டு மூன்றும் படத்தில் இருக்கட்டும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். கடையின் உரிமம் எந்தத் தேதி வரை செல்லும், கடைசி ஆய்வு எப்போது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனு. பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதன் பிறகுதான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

திருட்டுப் பயம் நியாயமானதே. அதற்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், திறந்தால் அலாரம் அடிக்கும் 'பேனிக் பார்' கதவு இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் நுழைய முடியாது. கடையின் சரக்கு மதிப்போடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

புகாரை நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள்.