கம்பளி மேலங்கியைத் தெரிவுசெய்தல்: குளிர்ப் பிரதேச முகாமுக்கான ஆடை



"கம்பளி சூடு தரும்" என்று சிறு வயது முதல் கேட்டுப் பழகியிருக்கிறோம். பரீட்சை விடைத்தாளிலும் பலர் அப்படியே எழுதிவிடுகின்றனர். இக்கூற்று சரியானதா?

சம அளவான இரண்டு பனிக்கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். மற்றதைக் கம்பளித் துணியால் நன்றாகச் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும்? கம்பளி சூடு தருமாயின் சுற்றிய கட்டியே முதலில் உருக வேண்டும். ஆனால் நடப்பது வேறு. தட்டில் இருக்கும் கட்டி உருகி முடிந்த பின்னரும் கம்பளிக்குள் இருக்கும் கட்டி மீதியாக இருக்கும். பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பதும் இதே காரணத்துக்காகவே.

ஆகவே கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை. வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்வதைத் தாமதப்படுத்துகிறது. வெப்பத்தைத் தருவது உங்கள் உடலே. மேலங்கி அதற்குக் காவல் மட்டுமே. இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டால் இப்பாடத்தில் வரும் எல்லா வினாக்களுக்கும் விடை காணலாம்.

1. ஏன் இதைக் கற்க வேண்டும்?

நமது நாடு வெப்ப நாடு என்று எண்ணி மலைநாட்டுக்கு மெல்லிய ஆடையுடன் செல்வோர் பலர். பின்வரும் கணிப்பைப் பாருங்கள்.

கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஹோட்டன் சமவெளியின் உயரம் ஏறத்தாழ 2100 மீற்றர். கடற்கரையில் வெப்பநிலை 27 பாகை எனக் கொள்வோம்.

குறையும் அளவு = 2.1 × 6.5 = 13.65 பாகை
சமவெளியின் வெப்பநிலை = 27 − 13.65 = 13.35 பாகை

இது சராசரி நிலை மட்டுமே. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகில் இல்லாத இரவுகளில் அங்கு புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. சிவனொளிபாத மலையின் உச்சி 2243 மீற்றர். சூரிய உதயம் காண இரவில் ஏறுவோர் வியர்த்து நனைந்த சட்டையுடன் உச்சியை அடைந்து, விடியும் வரை காற்றில் நின்று நடுங்குவதை அங்கு சென்றவர்கள் அறிவர்.

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிராபத்தான நிலை தொடங்குகிறது. நடுக்கம், பேச்சுக் குழறல், கைகள் தடுமாறுதல், தெளிவற்ற சிந்தனை என்பன அதன் அறிகுறிகள். இதற்கு உறைபனி தேவையில்லை. 10 பாகை அளவிலும் நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால் இது நேரலாம். எனவே ஆடைத் தெரிவு அழகு பற்றிய விடயம் மாத்திரம் அன்று, பாதுகாப்புப் பற்றியதும் ஆகும்.

2. உடல் வெப்பத்தை இழக்கும் வழிகள்

(அ) கடத்தல்: குளிர்ந்த பாறையில் அமரும்போதும் நனைந்த ஆடை தோலில் ஒட்டும்போதும்.
(ஆ) மேற்காவுகை: உடலைச் சூழ்ந்த வெதுவெதுப்பான வளியைக் காற்று அகற்றிச் செல்லும்போது.
(இ) கதிர்வீசல்: திறந்த வானத்தின் கீழ் இரவில்.
(ஈ) ஆவியாதல்: வியர்வையோ மழைநீரோ ஆவியாகும்போது. தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பம் தேவை. 100 கிராம் நீரை உறிஞ்சிய சட்டை உலர 240 கிலோயூல் வேண்டும். அதில் ஒரு பங்கை உங்கள் உடலே கொடுக்கிறது.

அசையாத வளி ஓர் அரிதிற்கடத்தி. நீர் அதைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நல்ல மேலங்கியின் வேலைகள் இரண்டு: வளியை அசையாமல் பிடித்து வைத்தல், அந்த வளியின் இடத்தை நீர் பிடிக்காமல் காத்தல்.

3. கம்பளி நாரின் சிறப்பு

கம்பளி கெரற்றின் எனும் புரதத்தால் ஆனது. நமது தலைமயிரும் நகமும் அதே வகைப் புரதத்தால் ஆனவையே. கம்பளி நாரின் இயல்புகளைக் காரணத்துடன் நினைவில் வைத்திருங்கள்.

* நார் சுருள் சுருளாக இருக்கும். எனவே நார்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிவதில்லை. இடைவெளிகளில் வளி தங்கும்.
* நாரின் மேற்பரப்பு செதில்களால் மூடப்பட்டது. அது நீர்த்துளியை எளிதில் ஏற்காது. தூறல் விழுந்தாற் சிறிது நேரம் துளிகள் மேலேயே நிற்கும்.
* நாரின் உட்பகுதி நீராவியை உறிஞ்சும். தன் உலர் திணிவில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை உறிஞ்சிய பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பமும் வெளிவிடப்படும்.
* நனைந்தாலும் சுருள்கள் முற்றாகத் தட்டையாவதில்லை. எனவே இடைவெளிகளில் ஒரு பகுதி எஞ்சும். பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.
* எளிதில் தீப்பற்றாது. தீப்பொறி பட்டாற் கருகும், உருகிச் சொட்டாது. தீ மூட்ட அனுமதியுள்ள முகாம்களில் இது பெரிய நன்மை. (தேசிய பூங்காக்களில் தீ மூட்டுவது குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.)

கவனிக்க: "கம்பளி நனைந்தாலும் உலர்ந்த கம்பளி போலவே காக்கும்" என்று எழுத வேண்டாம். அது தவறு. நனைந்த கம்பளியின் காவல் குறையும், பாரம் கூடும், உலர நீண்ட நேரம் எடுக்கும். நனைந்த பருத்தியைவிட அது மேலானது என்பதே சரியான கூற்று.

4. துணியின் அமைப்பு

எல்லாக் கம்பளி ஆடைகளும் ஒரே வகையானவை அல்ல.

பின்னிய கம்பளி (சுவெற்றர் போன்றது): கண்கள் பெரியவை. வளியை நிறையப் பிடிக்கும். ஆனால் காற்று அதனூடாக எளிதிற் புகும். மேலங்கிக்கு உள்ளே அணிய உகந்தது.

நெருக்கமாக நெய்த கம்பளி: காற்றைத் தடுக்கும். முட்களிற் சிக்கி இழை அறுவது குறைவு. வெளியே அணிய உகந்தது.

நெய்தபின் இறுக்கிய கம்பளி: நெய்த துணியை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் அலசி அடித்தால் நார்களின் செதில்கள் ஒன்றையொன்று பற்றித் துணி சுருங்கி இறுகும். அவுஸ்திரியாவின் திரோல் மலைப் பிரதேச மக்கள் அணியும் லோடன் துணி இத்தகையது. காற்றையும் தூறலையும் நன்கு தடுக்கும்.

அறிந்து வைத்திருங்கள்: 1924 ஆம் ஆண்டு எவரெஸ்ற் மலையில் உயிர்நீத்த ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999 இல் கண்டெடுக்கப்பட்டது. அவர் பட்டு, பருத்தி, கம்பளி ஆகியவற்றாலான மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, வெளியே நெருக்கமாக நெய்த கபடீன் துணியாலான அங்கியை அணிந்திருந்தார். 2006 இல் அதே போன்ற ஆடைகள் தயாரிக்கப்பட்டு எவரெஸ்ற்றில் அணிந்து பார்க்கப்பட்டன. நடப்பதற்குரிய காலநிலையில் அவை நன்றாகப் பயன்பட்டன. பருத்த ஓர் ஆடையைவிட, வளிப்படைகளை இடையே கொண்ட பல மெல்லிய ஆடைகள் மேல் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

5. கடையிற் பார்க்க வேண்டியவை

(1) சிட்டை: உள்ளே தைத்திருக்கும் சிட்டையில் கம்பளியின் சதவீதத்தைப் பாருங்கள். சிறிதளவு நைலோன் கலந்திருந்தால் தேய்மானம் குறையும், அது குறையன்று. "கம்பளி போன்றது" எனக் கூறி விற்கப்படும் அக்கிரிலிக் ஆடையைக் கம்பளி என எண்ணி ஏமாற வேண்டாம்.

(2) ஒளிச் சோதனை: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காற்றும் அவ்வழியே வரும்.

(3) கசக்கற் சோதனை: துணியைக் கையில் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி விரைவில் பழைய நிலைக்கு மீளும்.

(4) அளவு: உள்ளே ஒரு சட்டையும் ஒரு சுவெற்றரும் அணிந்துகொண்டே அளவு பாருங்கள். கைகளை முன்னே நீட்டும்போது முதுகு இறுகக் கூடாது. இறுகினால் உள்ளிருக்கும் வளிப்படை நசுங்கிவிடும். மிகவும் தளர்வாக இருந்தால் நடக்கும்போது அங்கி துருத்தி போல் இயங்கிச் சூடான வளியை வெளியே தள்ளும்.

(5) மூடும் இடங்கள்: கழுத்தை மூடும் கொலர், மணிக்கட்டைப் பற்றும் கைமுனை, இடுப்புக்குக் கீழ் இறங்கும் நீளம் என்பன வேண்டும். முன்பக்கம் முழுவதும் திறக்கக்கூடியதாக இருப்பது நன்று. ஏற்றத்தில் ஏறும்போது திறந்துவிட்டு, வியர்க்கும் முன்பே வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

(6) விலை: புதிய கம்பளி மேலங்கி விலை கூடியது. பயன்படுத்திய அங்கி மேற்கூறிய சோதனைகளில் தேறினால் தயங்காமல் வாங்கலாம். பூச்சி அரித்த துளைகள், அக்குளிலும் முழங்கையிலும் தேய்வு, பொத்தான் துவாரங்களின் கிழிவு ஆகியவற்றை மட்டும் கூர்ந்து பாருங்கள்.

6. செயற்பாடு

ஒரே அளவான நான்கு தகரப் பேணிகளில் சம அளவு சுடுநீர் ஊற்றுக. ஒன்றைச் சுற்றாமல் விடுக. ஏனையவற்றை முறையே உலர்ந்த கம்பளி, நனைத்துப் பிழிந்த கம்பளி, நனைத்துப் பிழிந்த பருத்தி ஆகியவற்றாற் சுற்றுக. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை அளந்து அட்டவணைப்படுத்துக. பின்னர் மின்விசிறியின் முன்னே வைத்து மீண்டும் செய்க. காற்றின் விளைவை அப்போது நேரிற் காண்பீர்கள்.

7. பல்தேர்வு வினாக்கள்

1. கம்பளி அரிதிற்கடத்தியாக இருப்பதற்குப் பிரதான காரணம்:
(1) அது வெப்பத்தை உண்டாக்குவது (2) நார்களுக்கிடையே வளியைப் பிடித்து வைப்பது (3) பாரமானது (4) விலங்கிலிருந்து பெறப்படுவது

2. 900 கிராம் உலர் திணிவுள்ள கம்பளி அங்கி, தன் திணிவில் 30 சதவீத நீராவியை உறிஞ்சினால் அந்நீரின் திணிவு:
(1) 27 கிராம் (2) 90 கிராம் (3) 270 கிராம் (4) 300 கிராம்

3. எரிக்கும்போது மயிர் கருகும் மணத்தைத் தந்து, கையால் நொறுக்கக்கூடிய கரிய சாம்பலை விடும் நூல்:
(1) பருத்தி (2) பொலியெஸ்ரர் (3) கம்பளி (4) நைலோன்

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (3)

8. மாதிரி அமைப்புக் கட்டுரை வினா

ஜனவரி மாதத்தில் ஹோட்டன் சமவெளியில் ஓரிரவு முகாமிடச் செல்லும் மாணவி ஒருத்திக்குப் பின்வரும் மூன்று மேலங்கிகளுள் ஒன்றை எடுத்துச் செல்ல முடியும். அவளிடம் ஒரு மெல்லிய மழையங்கியும் உண்டு.

அ: தடித்த புதிய பருத்தி அங்கி, 1200 கிராம்
ஆ: மென்மயிர்ப் பொலியெஸ்ரர் அங்கி, 400 கிராம்
இ: அம்மம்மாவின் பழைய கம்பளி அங்கி, நெருக்கமாக நெய்தது, அவளுக்குச் சற்றுப் பெரியது, 900 கிராம்

எதைத் தெரிவு செய்வது பொருத்தம்? காரணங்கள் தருக.

விடைக்குறிப்பு: "இ" மிகப் பொருத்தமானது. நெருக்கமான நெசவு காற்றைத் தடுக்கும். சற்றுப் பெரிதாக இருப்பதால் உள்ளே சுவெற்றர் அணியலாம். மூடுபனியின் ஈரத்தை ஏற்றும் காவலை முற்றாக இழக்காது. பெருமழையில் மேலே மழையங்கி அணிய வேண்டும்.

"ஆ" வைத் தெரிவு செய்தவரும் தகுந்த காரணம் கூறினாற் புள்ளி பெறலாம். அது பாரம் குறைந்தது, நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், விரைவில் உலரும். ஆனால் அதனூடாகக் காற்றுப் புகும் என்பதால் மழையங்கியை மேலே அணிய வேண்டும் எனக் குறிப்பிடுவது அவசியம்.

"அ" பொருத்தமற்றது. தடிப்பையும் புதுமையையும் கண்டு ஏமாறுவோர் இதையே தெரிவர். நனைந்தவுடன் அதன் வளி இடைவெளிகளை நீர் நிரப்பிவிடும். இரவு முழுவதும் உலராது.

9. பராமரிப்பு

இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் இட்டுக் கையால் அலசுக. முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாயில் சுருட்டி நீரை அகற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துக. கொதிநீரில் இட்டால் மேலே பகுதி 4 இற் கூறியபடி துணி சுருங்கி இறுகும், பின்பு தம்பிக்குத்தான் அளவாக இருக்கும். நன்கு உலர்ந்த பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும்.

இறுதியாக, மாணவர்களே, விடை எழுதும்போது "கம்பளி சூடானது" என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த வழியில் வெப்பம் இழக்கப்படுகிறது, அதனை ஆடையின் எந்த இயல்பு தடுக்கிறது என இரண்டையும் இணைத்து எழுதுங்கள். மலையேறும் நாளிலும் இதே இரண்டு வினாக்களையே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாளிற் பிழைத்தால் இழப்பது சில புள்ளிகள் மட்டுமே. மலையுச்சியில் பிழைத்தால் இழப்புப் பெரிது.