கூட்டாகக் கணக்கு எழுதினால் கையில் மிஞ்சுவது தெரியும்

சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு விற்பனைக்குப் பல இடங்கள் உண்டு. 1996-இல் தொடங்கிய கோயம்பேடு சந்தை, உழவர் சந்தை, உள்ளூர்க் கடைகள் ஆகியவற்றில் எது லாபம் என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

உதாரணமாக, ஒருவர் 100 கிலோ கத்தரிக்காயை மொத்தச் சந்தையில் கிலோ 20 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். வரவு 2,000 ரூபாய். தரகு 200, வண்டி வாடகை 400, ஏற்றி இறக்கும் கூலி 100 போக மிஞ்சுவது 1,300 ரூபாய்; அதாவது கிலோவுக்கு 13 ரூபாய். உள்ளூர்க் கடையில் 16 ரூபாய்க்கு விற்று, செலவு 100 ரூபாய் போனால் கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும். ஆனால் ஆறு பேர் சேர்ந்து 600 கிலோவை 900 ரூபாய் வாடகையில் ஒரே வண்டியில் அனுப்பினால், வாடகை கிலோவுக்கு ஒன்றரை ரூபாயாகக் குறைகிறது. அப்போது மொத்தச் சந்தையிலேயே 15 ரூபாய் 50 பைசா கிடைக்கும். ஆறு பேரின் கணக்கும் ஓரிடத்தில் இருந்தால்தான் இது தெரியும்.

இதற்கு இன்று கைப்பேசியே போதும். கூகுள் ஷீட்ஸ் போன்ற கணக்கு ஏட்டைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிகளில் கணக்கு சேமிக்கப்படுவதை 'கிளவுட்' முறை என்கின்றனர். கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது. ஒருவர் எழுதியதை மற்றவர் தம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எழுதும் முறை

1. நாள், பயிர், எடை, விற்ற இடம், விலை, தரகு, வாடகை, கூலி, கையில் வந்த தொகை எனத் தனித்தனிக் கட்டங்கள் அமைக்கவும்.

2. விற்ற அன்றே எழுதவும். எல்லோரும் எடையைக் கிலோவிலேயே குறிக்கவும். ஒருவர் மூட்டை, ஒருவர் கூடை என்று எழுதினால் கணக்கு பயன்படாது.

3. திருத்தும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை அளிக்கவும். கடவுச்சொல்லை வெளியாருக்குச் சொல்லக் கூடாது.

வாரந்தோறும் வந்த எடையையும் விலையையும் வரைபடமாகப் போடச் சொன்னால் ஏடே போட்டுத் தரும். எடைக் கோடு உயரும் வாரத்தில் விலைக் கோடு தாழ்ந்தால், எல்லோருடைய காயும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போவதும் ஒரு காரணமா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அடுத்த பட்டத்தில் குழுவாகப் பேசி, நடவு நாளை முன்பின்னாகப் பிரித்துக்கொள்வது நலம். எழுத்துப் பழக்கம் குறைந்தவரும் இப்படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வர்.

அன்றாட விலையை, 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியில் பார்த்து ஒப்பிடலாம். 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாயின. அத்தகைய குழுக்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

எழுதாத செலவைக் கணினியும் அறியாது. ஆகவே ஒரு பட்டம் முழுவதும் விடாமல் எழுதிப் பார்த்து, அதன்பின் விற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.