புது விண்டோஸ்ல பழைய சாஃப்ட்வேர்: ஓட வைப்பது எப்படி?

செகண்ட் இயர் தீபாவளி லீவுல மாமாவோட ஹார்டுவேர் கடையில ஒரு "உதவி" செஞ்சேன். கடை கம்ப்யூட்டர்ல இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. ரொம்ப ஸ்லோ. ரேம் கூட்டி, சி டிரைவை ஃபார்மேட் பண்ணி, 64 பிட் விண்டோஸ் 10 போட்டேன். சும்மா பறந்துச்சு.

அப்புறம் பில் போடற சாஃப்ட்வேரை டபுள் கிளிக் பண்ணேன். 'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி'ன்னு ஒரு பெட்டி வந்தது. அவ்வளவுதான். அது டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில எழுதினது. எழுதிக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போய் பல வருஷம் ஆச்சு.

மாமா திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "மாப்ள, பில்லைக் கையில எழுதிக்கலாம். யார் யார் எவ்வளவு பாக்கிங்கற கணக்கு இருக்குதா?"

கணக்கு டி டிரைவில இருந்ததால தப்பிச்சது. அது அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் இல்ல. அந்த ரெண்டு நாள்ல நான் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஓஎஸ் மாத்தினதும் பழைய சாஃப்ட்வேர் ஓடலைன்னா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. அது எதை நம்பி எழுதப்பட்டதோ, அது புது ஓஎஸ்ல இல்ல. எது இல்லைன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது. பெரும்பாலும் மூணு வகைதான்.

1. 16 பிட் சாஃப்ட்வேர்

இதுக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், நீலத் திரை டர்போ சி. 32 பிட் விண்டோஸ்ல என்டிவிடிஎம்னு ஒரு பகுதி இருக்கு. டாஸ் புரோகிராமை ஏமாத்தி, "நீ டாஸ்லதான் இருக்கே"ன்னு நம்ப வைக்கறது அதோட வேலை. அதுக்குப் பிராசசர்ல இருக்கற 'வர்ச்சுவல் 8086' மோட் தேவை. ஆனா பிராசசர் 64 பிட் மோடுக்குப் போயிட்டா அந்த வசதி கிடைக்காது. அதனால 64 பிட் விண்டோஸ்ல என்டிவிடிஎம் கிடையாது. விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்ல மட்டும்தான். இங்க கம்பாட்டிபிலிட்டி டேப்ல எதை டிக் பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல. நான் ஒரு ராத்திரி முழுக்க அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன்!

தீர்வு: எமுலேட்டர். டாஸ்பாக்ஸ் ஒரு பழைய பிராசசரையே சாஃப்ட்வேரா நடிச்சுக் காட்டுது. அதனால நிஜ பிராசசர் எந்த மோடில் இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. சந்தேகமா இருந்தா, டாஸ்பாக்ஸ்குள்ள டர்போ சியைத் திறந்து ஒரு இன்ட் வேரியபிள்ல 40000 போட்டு பிரின்ட் பண்ணிப் பாருங்க. -25536 வரும். ஏன்னா அங்கே இன்ட் 16 பிட்தான், 32767 வரைக்கும்தான் தாங்கும். அதே புரோகிராம் இன்னைக்கு ஜிசிசியில 40000ன்னு சரியாவே காட்டும். பழைய உலகத்தை அதோட குறையோடு சேர்த்தே எமுலேட்டர் காப்பாத்தி வைக்குது.

ஆனா டாஸ்பாக்ஸ் முக்கியமா கேம்ஸுக்காக எழுதினது. அதுல பிரின்டர் வசதி கிடையாது. கடை, ஆபீஸ் வேலைக்கு விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பாருங்க. ரெண்டுலயும் பிரின்ட் எடுக்கலாம்.

2. 32 பிட் சாஃப்ட்வேர்

நல்ல செய்தி: 64 பிட் விண்டோஸ்ல 32 பிட் சாஃப்ட்வேர் சாதாரணமாவே ஓடும். ஓடலைன்னா காரணம் சின்னதா இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வரிசையில முயற்சி பண்ணுங்க:

- ரைட் கிளிக், பிராபர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய்ப் பழைய விண்டோஸ் பேரைத் தேர்ந்தெடுங்க. சில சாஃப்ட்வேர் ஓஎஸ் வெர்ஷனைப் பார்த்துட்டு முரண்டு பிடிக்கும். அதுகிட்ட விண்டோஸ் ஒரு பொய் சொல்லும், அவ்வளவுதான்.
- 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பாருங்க. பழைய சாஃப்ட்வேர் பலதும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே டேட்டாவை எழுதும். இப்போ அதுக்கு அனுமதி கிடையாது.
- டாட்நெட் 3.5 கேட்டா, 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' போய் அதை ஆன் பண்ணுங்க.

3. டிரைவர் அல்லது டாங்கிள் கேட்கும் சாஃப்ட்வேர்

இதுதான் கஷ்டமான வகை. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏத்துக்கவே ஏத்துக்காது. கம்பெனி 64 பிட் டிரைவர் கொடுத்திருக்கான்னு முதல்ல தேடுங்க. இல்லைன்னா, வர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு வர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, உங்ககிட்ட இருக்கற பழைய விண்டோஸ் சிடி, கீயை வெச்சு அதுக்குள்ள இன்ஸ்டால் பண்ணுங்க. யுஎஸ்பி டிவைஸை அந்த மெஷினுக்கே திருப்பி விடலாம். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்பிக்கு 2014லயும், விண்டோஸ் 7க்கு 2020லயும் சப்போர்ட் முடிஞ்சாச்சு. அதனால அந்த வர்ச்சுவல் மெஷினுக்கு நெட்வொர்க்கை ஆஃப் பண்ணி வைங்க.

கடைசியில மாமா கடையில என்ன ஆச்சு? விடாஸ்ல பில் சாஃப்ட்வேர் திறந்துச்சு, பில்லும் வந்துச்சு. அதோட நிறுத்தல. கணக்கு எல்லாம் டிபிஎஃப் ஃபைலா இருந்தது. அந்த ஃபைலை லிப்ரேஆபீஸ் கால்க் நேரடியா திறக்கும். காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறந்து, பாக்கி லிஸ்ட் முழுக்கப் பேப்பர்ல பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மாமா மூணு பேரை மட்டும் விரல் வெச்சுப் பார்த்துட்டு "சரியா இருக்குது"ன்னார். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சாஃப்ட்வேர் போனா வேற வாங்கிக்கலாம். ஒரு கடையோட பாக்கிக் கணக்கு போனா எங்கேயும் வாங்க முடியாது. அதனால யாரோட கம்ப்யூட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடியும் இதைச் செய்ங்க:

- "தினமும் எதைத் திறப்பீங்க?"ன்னு கேளுங்க. ஒவ்வொண்ணையும் உங்க கண் முன்னாடி திறந்து காட்டச் சொல்லுங்க.
- அதோட டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சு, முழு ஃபோல்டரையும் பென் டிரைவுல காப்பி பண்ணுங்க. ஒரு ஃபைலை மட்டும் எடுக்காதீங்க.
- அந்தக் காப்பியை உங்க லேப்டாப்பில திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.
- முடிஞ்சா பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே கழட்டி வெச்சுட்டு, புது டிஸ்க்ல ஓஎஸ் போடுங்க.

நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்களை நம்பி யாராவது கம்ப்யூட்டரைக் கொடுப்பாங்க. ஃபார்மேட் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி அந்த ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கோங்க: கணக்கு இருக்குதா?