ஆங்கிலம் பயில்வோம்: வாக்கியத்தில் வரிசைதான் முக்கியம்



ஆங்கிலம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. செக்ரோல், பெக்டரி, லொறி, டிஸ்பென்சரி, போர்ம், லீவு என்று காலையில் பிரட்டுக்களத்தில் தொடங்கி அந்திக்கு லயத்துக்குத் திரும்பும் வரை ஆங்கிலச் சொற்களைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். சொல் இருக்கிறது. அதை அடுக்கும் முறைதான் தெரியாது. இந்த இதழில் அதைப் படிப்போம்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலை தேடிப் போகிறார்கள். சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. இப்படியான இடங்களில் போர்டும் போர்மும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் அந்தப் பக்கம் ஒரு கொன்ட்ராக்டரிடம் மூட்டை ஏற்றும் வேலை செய்தான். ஒரு நாள் பின்னுக்கு எடுத்த லொறி அவன் காலில் மோதிவிட்டது. அங்கிருந்த கிளாக்கருக்குத் தமிழ் தெரியாது, பையனுக்குச் சிங்களம் சரியாக வராது. "என்னை லொறி மோதிச்சு" என்பதை, தெரிந்த ஆங்கிலத்தில் "ஐ லொறி ஹிட்" என்று சொல்லியிருக்கிறான். கிளாக்கர் அதைத் திருத்தி, "ஐ ஹிட் த லொறி" என்று போர்மில் எழுதிவிட்டார். பையனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதன் அர்த்தம் என்ன தெரியுமா? "நான் லொறியை மோதினேன்." அடிபட்டவனே குற்றவாளி ஆகிவிட்டான்! அந்த ஒரு வரியை மாற்ற நாங்கள் அவனோடு மூன்று தடவை அந்த ஒபிஸ் படி ஏறி இறங்கினோம்.

தப்பு எங்கே வந்தது? தமிழில் "என்னை லொறி மோதிச்சு", "லொறி என்னை மோதிச்சு" என்று எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். "என்னை" என்ற சொல்லே அடிபட்டவர் யார் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. முதலில் நிற்பவர்தான் செய்தவர். அடுத்தது செயல். அதற்குப் பிறகு நிற்பவர் அதை வாங்கிக்கொண்டவர். இடத்தை மாற்றினால் பொருளே மாறிவிடும். "த லொறி ஹிட் மீ" என்பதுதான் சரி. செய்தவர் நாமென்றால் "ஐ", நமக்கு நடந்தது என்றால் "மீ". அதுபோல "ஹீ" என்றால் அவன், "ஹிம்" என்றால் அவனை.

ஏ. எஸ். ஹோர்ன்பி என்ற இங்கிலாந்துக்காரர் ஜப்பானில் பல வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். ஜப்பான் மொழியிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். அவர் 1954இல் வெளியிட்ட புத்தகத்தில் ஆங்கில வினை அமைப்புகளை 25 வகையாகப் பிரித்தார். நமக்கு இப்போதைக்கு ஐந்து போதும்.

1. செய்தவர் + செயல்.
"ஐ வேர்க்." நான் வேலை செய்கிறேன். இடத்தைச் சொல்ல வேண்டுமானால் பின்னால் சேருங்கள்: "ஐ வேர்க் இன் சைனா பே." நாம் "சீனக்குடாவில்" என்று "இல்" உருபைக் கடைசியில் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் "இன்" முன்னால் வரும்.

2. செய்தவர் + செயல் + எதை அல்லது யாரை.
"ஷீ பிளக்ஸ் டீ." அவள் கொழுந்து எடுக்கிறாள். "த லொறி ஹிட் மீ" என்பதும் இந்த வகைதான்.

3. யார் + இஸ் அல்லது ஆம் அல்லது ஆர் + என்ன.
"ஹீ இஸ் எ டிரைவர்." தமிழில் "அவர் டிரைவர்" என்றாலே முடிந்தது. ஆங்கிலத்தில் நடுவில் "இஸ்" இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. "ஐ ஆம் சிக்." எனக்குச் சுகமில்லை.

4. செய்தவர் + செயல் + யாருக்கு + எதை.
"ஹீ கேவ் மீ த லெட்டர்." அவர் எனக்குக் கடிதம் தந்தார். கேட்கும்போது முதல் ஆளை விட்டுவிடலாம்: "ப்ளீஸ் கிவ் மீ எ கொப்பி." தயவுசெய்து ஒரு பிரதி தாங்க. இதை மனப்பாடமே செய்து வையுங்கள்.

5. செய்தது + செயல் + எதை + எப்படி ஆக்கியது.
"த ஒயில் மேட் த ப்ளோர் ஸ்லிப்பரி." எண்ணெய் தரையை வழுக்க வைத்தது.

இன்னும் இரண்டு விஷயம். யார் செய்தது என்று தெரியாவிட்டால் "ஐ வாஸ் ஹிட்" என்று சொல்லலாம். எனக்கு அடிபட்டது என்று பொருள். "வாஸ்" என்ற அந்தச் சின்னச் சொல் விட்டுப்போனால் "ஐ ஹிட்" ஆகிவிடும், நான் அடித்தேன் என்று பொருள் வந்துவிடும். கவனம்.

அடுத்தது "நொட்". தமிழில் "நிற்காதே" என்று மறுப்பு கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது செயலுக்கு முன்னாலேயே வந்துவிடும்: "டூ நொட் ஸ்டேண்ட் அண்டர் த லோட்." தூக்கிய பாரத்துக்குக் கீழே நிற்காதே. கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கும் நம் காது முன்னால் வந்த "நொட்"டைத் தவற விட்டால், பாரத்துக்குக் கீழே நில் என்றுதான் விளங்கும். "டூ நொட்", "டோன்ட்", "நோ" என்று தொடங்கும் போர்டைக் கண்டால் அந்த இடத்திலேயே நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

ஆங்கிலம் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரசாங்க அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். வேலையால் ஏற்பட்ட விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் உண்டு. தனியார் இடத்தில் போர்ம் நீட்டினால், வாசித்துக் காட்டச் சொல்லி, முதலில் நிற்பது யார் என்று பார்த்து, அதற்குப் பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரு கொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி: கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.
அ. அக்கா நர்ஸ்.
ஆ. தம்பி பெட்டியைத் தூக்கினான்.
இ. பெட்டி தம்பிமேல் விழுந்தது.

ஆவன்னாவிலும் ஈனாவிலும் யார் முன்னால் நிற்பது என்று யோசித்து எழுதுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் பாடம் ஆகும். விடைகள் அடுத்த இதழில்.