வெயில் நாட்டில் முதியோரின் மின்கட்டணம்

கேள்வி: பிரிட்டனில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியோருக்கு அரசு பணம் தருகிறதாமே? பேராக் தோட்டங்களில் உழைத்து முதிர்ந்தவர்களுக்கு அப்படி ஏதேனும் உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய அந்த உதவி, 2024-இல் மிகக் குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே பெரும்பாலோருக்கு மீட்கப்பட்டது. குளிர்காலமே இல்லாத மலேசியாவில் அதற்கு நேரான திட்டம் கிடையாது. ஆனால் தகரக் கூரையின் கீழ் பகல் முழுவதும் விசிறி ஓட வேண்டிய வீட்டில் மின்கட்டணமும் முதுமையின் சுமையே.

இ-காசே எனப்படும், அரசின் வறியோர் பதிவேட்டில் இடம்பெற்ற மிக வறிய குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு உண்டு. அதனினும் முக்கியமானது, 60 வயதைக் கடந்தும் போதிய வருமானமோ தாங்கும் உறவோ இல்லாதவர்களுக்குச் சமூக நல இலாகா வழங்கும் மூத்தோர் உதவித்தொகை. 2021-இல் 350-இலிருந்து 500 ரிங்கிட்டாகவும், 2025-இல் 600 ரிங்கிட்டாகவும் உயர்ந்த இத்தொகைக்கு மாவட்ட நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இத்தொகை குடிமக்களுக்கே உரியது என்பதால், இங்கேயே பால்மரம் சீவி ஆயுளைக் கழித்தும், நிரந்தரவாசத்தை மட்டும் காட்டும் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமையடைந்தவர்கள் வெளியே நிற்கின்றனர். இது பெரும் அநீதி. அத்தகையோர் உள்ள குடும்பங்கள், பிறப்புப் பத்திரம், பழைய தோட்டப் பதிவுகள் முதலியவற்றைத் திரட்டிக்கொண்டு தேசியப் பதிவிலாகாவில் குடியுரிமை விண்ணப்பத்தை முதலில் தொடங்குவதே முறை.